கேஸ் போச்சு சார்!

ஏப்ரல் பிறந்தால் சென்னையில் மூன்று விஷயங்கள் தவறாமல் வரும். மாம்பழம், பரீட்சை ரிசல்ட் பயம், 'ஏ.ஸி.யில கேஸ் போச்சு சார்' என்கிற தீர்ப்பு. தீர்ப்புச் சொல்பவருக்குப் பெரும்பாலும் இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். தோளில் ஒரு பை, பைக்கின் பின்னால் ஒரு சிலிண்டர். வீட்டுக்குள் வந்து, ஏ.ஸி.யை ஏறிட்டுப் பார்த்து, காற்று வரும் இடத்தில் கையை நீட்டி, கட்டமே சரியில்லாத ஜாதகத்தைப் பார்த்த ஜோசியர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். மொத்த விசாரணைக்கும் நாற்பது செகண்டு. அபராதம் 2,500-லிருந்து 4,000 ரூபாய் வரை, நீங்கள் போட்டிருக்கிற சட்டையைப் பொறுத்து.

நான் பி.காம். 'உனக்கு கம்ப்ரஸரைப் பற்றி என்னய்யா தெரியும்?' என்று கேட்கலாம். எனக்குக் கணக்கு தெரியும். இந்த விவகாரத்துக்கு அது போதும்.

எதையாவது 'தீர்ந்து போச்சு' என்று யாராவது சொன்னால், அது தீருகிற பொருளா என்று முதலில் கேட்க வேண்டும். சமையல் கேஸ் எரிகிறது, தீருகிறது. பெட்ரோலும் அப்படியே. ஏ.ஸி.க்குள் இருக்கிற கேஸ் எரிவதில்லை. செப்புக் குழாய்க்குள் அடைபட்டு உள்ளே போவதும் வெளியே வருவதுமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஆவியாகும்போது அறையின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே கம்ப்ரஸர் அதை அமுக்க, திரும்பவும் திரவமாகிற சாக்கில் அந்தச் சூட்டைத் தெருவில் கொட்டிவிட்டு வரும். எங்கள் பாஷையில் அது செலவினம் அல்ல, ஃபிக்ஸட் அஸெட். குழாயில் ஓட்டை விழாதவரை, வாங்கின அன்றைக்கு இருந்ததுதான் பத்து வருஷம் கழித்தும் இருக்கும்.

"வருஷா வருஷம் கொஞ்சம் கம்மியாகும் சார், நார்மல்தான்" என்று ஒருவர் சொன்னால், "கல்லாவுல வருஷா வருஷம் கொஞ்சம் கம்மியாகும் சார், நார்மல்தான்" என்று உங்கள் ஆபீஸ் கேஷியர் சொல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்? பணத்தைப் போட்டு நிரப்புவீர்களா, எங்கே போகிறது என்று பார்ப்பீர்களா?

வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற நண்பர் மூன்று ஏப்ரல்களுக்கு மூன்று தடவை நிரப்பினார். மொத்தம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். நான்காவது ஏப்ரலில் நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. வீட்டில் இரண்டு மாதக் குழந்தை. பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து மாமியார், மாமனார். ராத்திரி பதினொரு மணிக்கு ஏ.ஸி. வெறும் காற்றை ஊத, குழந்தை வேர்க்குருவோடு வீறிட, மாமனார் பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம ஊர்ல வேப்பமரத்துக் காத்தே போதும் மாப்ளே" என்றார்.

கல்யாணமானவர்களுக்குத் தெரியும், இது வானிலை அறிக்கை இல்லை.

மறுநாள் காலை எனக்கு போன். "நீதான் எல்லாத்துக்கும் கணக்குப் பார்ப்பியே, வா."

ஏ.ஸி. விஷயத்தில் தணிக்கை எங்கே ஆரம்பிக்கும் தெரியுமோ? ரிமோட்டில். சிரிக்காதீர்கள். குளிர்விக்கிற மோடுக்குப் பனிப்பூ மாதிரி ஒரு சின்னம் இருக்கும். குழந்தைகள் ரிமோட்டை வைத்து விளையாடி ஃபேன் மோடில் போட்டுவிட்டால் ஏ.ஸி. வெறும் மின்விசிறிதான். சூரியன் சின்னம் உள்ள மாடல் என்றால் இன்னும் விசேஷம், மே மாதத்தில் வெந்நீர்க் காற்று கிடைக்கும். அப்புறம், கரண்ட் போய் வந்ததும் கம்ப்ரஸர் சுமார் மூன்று நிமிஷம் மௌன விரதம் இருக்கும். அது தற்காப்பு, ரிப்பேர் இல்லை. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசரும் இணைப்பைத் துண்டித்துவிட்டு விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாவது, ஃபில்டர். முன் மூடியைத் தூக்கினால் வலை மாதிரி இரண்டு தகடுகள் கையோடு வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்ட வேண்டும். இதற்கு மெக்கானிக் வேண்டாம், ஸ்டூல் போதும். ஒரு வீட்டில் அதை உருவியபோது கம்பளி மாதிரி ஒரு படலம் உரிந்து வந்தது. இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் ஸ்வெட்டரே பின்னியிருக்கலாம். ஃபில்டர் அடைத்தால் காற்று ஓட்டம் குறையும், உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ் கட்டும். 'ஐஸே கட்டுது பாருங்க, என்ன ஒரு குளிர்!' என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. ஐஸ் கட்டினால் குளிர் வெளியே வராமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ஃபேன் மோடில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட விட்டால் உருகிவிடும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் மறுபடி கட்டினால், அப்போது கேஸ் மேல் சந்தேகப்படலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த சோதனை. டபுள் என்ட்ரி. ஏ.ஸி. குளிரை உற்பத்தி செய்வதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. உள்ளே ஒரு வரவு இருந்தால் வெளியே ஒரு பற்று இருந்தே தீரவேண்டும். ஏ.ஸி. பத்து நிமிஷம் ஓடினபிறகு, வெளி யூனிட்டுக்கு எதிரே, பத்திரமாக நிற்க இடமிருந்தால், போய் நில்லுங்கள். அண்டா மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் சூடு அடித்தால் வியாபாரம் நடக்கிறது. ஃபேன் மட்டும் சுற்றி சாதாக் காற்று வந்தால் கம்ப்ரஸர் ஓடவில்லை. ஃபேனும் சுற்றாமல் ஒரு முனகல் மட்டும் கேட்டால் பெரும்பாலும் கெபாசிடர். பழைய மாடல் ஏ.ஸி.க்களில் ஒவ்வொரு கோடையிலும் உயிரை விடுகிற சின்ன டப்பா அது, விலை சில நூறு ரூபாய். ஆனால் நீங்களே கழற்றிப் பார்க்கிற வேலை வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தம் தெளிவாகக் கேட்டும் வெளியே சூடே இல்லையென்றால்தான் கேஸ் பிரதான குற்றவாளி.

வெளி யூனிட்டுக்கு நாம் கொடுக்கிற மரியாதையையும் சொல்ல வேண்டும். அதன்மேல் ஜட்டி காயப்போடுகிறோம். பின்பக்கம் புறா கூடு கட்டுகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் என்றால் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரித்து அப்பளமாக்கிவிடுகிறது. சூட்டை வெளியே தள்ள வழி இல்லாவிட்டால் அது அறையிலேயே இருந்துவிடும். வேறெங்கே போகும்?

'ஜில்லுனு வருது', 'வரலை' என்கிற சாட்சியமெல்லாம் கோர்ட்டில் நிற்காது. ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, கால் மணி நேரம் கழித்து, ஸ்ப்ளிட் ஏ.ஸி.யின் மேல்பக்கம் உள்ளே போகிற காற்றையும், கீழே வெளியே வருகிற காற்றையும் அளந்து பாருங்கள். 8-லிருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏ.ஸி. நிரபராதி. அறைதான் குற்றவாளி. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்கு பார்த்த ஜன்னலோடு ஒரு ரூமை வைத்துக்கொண்டு ஏ.ஸி.யைத் திட்டுவதில் நியாயமில்லை.

இங்கே டன் பற்றி ஒரு வார்த்தை. ஒன்றரை டன் என்றால் ஏ.ஸி.யின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஐஸ் கணக்கு. 907 கிலோ ஐஸை ஒரு நாளில் உருக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, அவ்வளவு சூட்டை வெளியேற்றுகிற திறமைதான் ஒரு டன். ஒன்றரை டன் ஏ.ஸி. இருபத்திநாலு மணி நேரம் ஓடினால் சுமார் 1,360 கிலோ ஐஸுக்குச் சமம். 1842-இல் மெரீனாவுக்கு எதிரே ஐஸ் ஹவுஸைக் கட்டி, அமெரிக்காவிலிருந்து கப்பலில் பனிக்கட்டி கொண்டுவந்து வைத்து விற்றார்களே (இப்போது அது விவேகானந்தர் இல்லம்), அந்த வியாபாரி இதைக் கேட்டால் மூர்ச்சையாகியிருப்பார். ஆனால் இந்தக் கணக்கு வெளியே 35 டிகிரி இருக்கும்போது போட்டது. 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி அடித்தது. அந்த மாதிரி நாளில் எந்த ஒன்றரை டன்னும் ஒன்றரை டன்னாக இருக்காது. 16-இல் வைத்தாலும் சீக்கிரம் குளிராது, நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அரசாங்கத்தின் கணக்கு. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை ஏ.ஸி.க்கள் 24-ஐ ஆரம்ப அளவாக வைத்து வருவதும் அதனால்தான்.

வேளச்சேரிக்கு வருவோம். ரிமோட் சரி. ஃபில்டரை நண்பரின் மனைவி நான் வருவதற்குள் கழுவிவிட்டார். தெர்மாமீட்டர் மூன்று டிகிரிதான் காட்டியது. பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால், சன்ஷேடுக்கு மேல் மாட்டியிருந்த வெளி யூனிட்டில், செப்புக் குழாய் சேருகிற நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாக. குழாய்க்குள் கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் சுற்றுகிறது. கேஸ் கசிகிற இடத்தில் அதுவும் கசியும். மூன்று வருஷமாக அந்தக் கறை அங்கேயே இருந்திருக்கிறது. மூன்று பேர் அந்த நட்டுக்குப் பக்கத்திலேயே ஹோஸை மாட்டிக் கேஸ் ஏற்றியிருக்கிறார்கள்.

பார்க்கவில்லையா? மூன்றாவதாக வந்த பையனைப் பற்றி நண்பர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒன்றரை அடி சன்ஷேடில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றானாம். கயிறு கிடையாது. "காலையிலேர்ந்து இது ஏழாவது வீடு சார்" என்றானாம். மணி மூன்றரை. அவனுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. ஃபில்டரைக் கழுவினால் காசில்லை, ஓட்டையைத் தேடினால் அரை நாள் போய்விடும், கேஸ் ஏற்றினால் இருபது நிமிஷம். நாற்பது செகண்டு தீர்ப்பின் ரகசியம் இதுதான். வெளி யூனிட்டை மனுஷன் நிற்க முடியாத இடத்தில் மாட்டச் சொன்னது அவன் இல்லை. குழாயில் இரண்டு மீட்டர் மிச்சம் பிடித்தவர்கள்.

இந்தத் தடவை வேறொரு வயசான மெக்கானிக்கைப் பிடித்தோம். போனிலேயே மூன்று கேள்வி. சோப்புத் தண்ணி போட்டு லீக் பார்ப்பீங்களா? வாக்குவம் பம்ப் இருக்கா? கேஸை எடை போட்டு ஏத்துவீங்களா? வெளி யூனிட்டின் பெயர்ப் பலகையில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்தே இருக்கும். நண்பருடையதில் ஆர்-32, 780 கிராம். மளிகைக்கடையில் பருப்பை எடை போட்டு வாங்குகிற நாம் இதை மட்டும் குத்துமதிப்பாக வாங்குகிறோம்.

"எல்லாம் இருக்கு சார். ஆனா அரை நாள் ஆகும்" என்றார். அந்த 'ஆனா' பிடித்துப் போய்விட்டது.

வந்தவர் பெல்ட்டும் கயிறும் கொண்டுவந்திருந்தார். கயிற்றை எங்கே கட்டுவது என்று நாங்கள் ஜன்னல் கிரில்லைக் காட்ட, மாமனார் எழுந்து வந்தார். "கிரில் பேந்துரும். தள்ளுங்க." பால்கனித் தூணைச் சுற்றி ஒரு முடிச்சு. அவர் ஊரில் கிணறு தூர் வார ஆள் இறக்குகிறபோது போடுகிற முடிச்சாம். மெக்கானிக் இழுத்துப் பார்த்துவிட்டு, "பெரியவர் நம்ம லைனுக்கு வந்துரலாம்" என்றார்.

நட்டில் சோப்பு நுரை தடவினதும் குமிழி குமிழியாக வந்தது. குழாயின் விரித்த வாய் விரிசல் விட்டிருந்தது. அதை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்கி, நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் வாக்குவம் போட்டு, சிலிண்டரைத் தராசில் வைத்து 780 கிராம் ஏற்றினார். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது என்று பக்கத்தில் யாரையும் சிகரெட் பற்றவைக்க விடவில்லை. அந்த அரை மணி நேரமும் மாமனார் கயிற்றை விடவில்லை. முடிச்சு போதும் என்று அவருக்கே தெரியும், இருந்தாலும்.

பில் 3,800 ரூபாய். 'லீக் சரி செய்தது' என்று அதில் எழுதித் தரச் சொல்லி நண்பர் கேட்டு வாங்கிக்கொண்டார். தெர்மாமீட்டர் பதினொரு டிகிரி காட்டியது. குழந்தை ஐந்து மணி நேரம் தூங்கினது.

ஐந்தாவது ஏப்ரலும் வந்து போய்விட்டது, யாரும் சிலிண்டரோடு வரவில்லை. மாமனார் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஊரிலிருந்து போன் செய்கிறார்.

"ஏ.ஸி. எப்படி இருக்கு மாப்ளே?"

"நல்லா இருக்கு மாமா. பாப்பா கூட இப்ப நடக்..."

"அது இருக்கட்டும். அந்த நட்டுல எண்ணெய் கசியுதான்னு பார்த்தீங்களா?"