எங்கே நின்றது குரல்?

மேடை என்றால் நமக்கு உயிர். மன்றத்தில் பேச்சுப் போட்டி என்று அறிவிப்பு ஒட்டினால், பேசப் பதினைந்து பேர் பெயர் கொடுக்கிறோம். கேட்க எட்டுப் பேர் வருகிறோம். ஒலிவாங்கியின் முன் நின்று முழங்கத் தெரிந்த நம்மில், அந்த ஒலிவாங்கி திடீரென்று ஊமையாகிவிட்டால் ஏன் ஊமையாயிற்று என்று சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தேன். அந்த எண்ணிக்கையில் என் பெயரையே சேர்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் பிறந்ததே இக்கட்டுரை.

நான் இயற்பியலில் முதுகலை பயில்பவன். வயது 23. பிழைப்பு நாடித் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இருப்பது மர்பி டவுனில். மர்பி என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கி, வெள்ளையர் காலத்துக் கன்டோன்மெண்டில் உழைப்பாளிகளுக்காக எழுந்த பகுதி அது. அல்சூர் ஏரி நடந்து போகும் தூரம். தெருவில் இறங்கினால் கன்னடமும் தமிழும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடக்கும்.

என்னிடம் இருப்பது எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மடிக்கணினி. அதில் ஓடுவது லினக்ஸ். காசு கேட்காது, கட்டுப்பாடு போடாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தேன். பெருங்கொள்கை ஒன்றும் அப்போது இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஆய்வுப் படிப்புக்கான நேர்காணல். இணைய வழியில். மடிக்கணினியின் முன் தனியாக அமர வேண்டும். அறையில் கைப்பேசி இருக்கக் கூடாது என்பது விதி. நல்ல பிள்ளையாக முன்னேற்பாடு செய்கிறேன் என்று எண்ணிச் சனிக்கிழமை இரவு லினக்ஸைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். ஞாயிறு காலை சோதித்துப் பார்த்தால் திரையில் என் முகம் தெரிகிறது, வாய் அசைகிறது, குரல் மட்டும் போகவில்லை. முதல் நாள் வரை பேசிய கணினி வாயடைத்துப் போய்விட்டது!

என்ன செய்தேன்? அறிவியல் மாணவன் செய்யக் கூடாததை எல்லாம் செய்தேன். இணையத்தில் தேடினேன். யாரோ எவருக்கோ எழுதிய கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஒட்டினேன். ஒன்று எதையோ நீக்கியது. மற்றொன்று எதையோ நிறுவியது. மூன்றாவது என் பழைய அமைப்புகளை அழித்தது. நண்பகலுக்குள் எது முதலில் கெட்டது, எது நான் கெடுத்தது என்று பிரித்தறிய முடியாத நிலை. வகுப்புத் தோழன் ஒருவன் தொலைபேசியில் சொன்னான்: "அந்த லினக்ஸைத் தூக்கிக் கடாசுடா! விண்டோஸ் போட்டுக் கொடுக்க ஆள் இருக்கு. திருட்டுப் பிரதிதான், யாருக்குத் தெரியப் போவுது?" உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி மனம் சாய்ந்தது.

சோர்ந்துபோய்த் தெருவுக்கு வந்தேன். எங்கள் பகுதித் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டும் அண்ணன் ஒருவர் தம் கடை வாசலில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "என்னா தம்பி, முகம் இப்டி வாடிக் கிடக்குது?" என்றார். சொன்னேன். அவருக்கு லினக்ஸ் தெரியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வி என் பேராசிரியர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"வேலை செய்யலன்னு சொல்றியே, எந்த எடத்துல வேலை செய்யல? மைக்கா, ஒயரா, ஆம்ப்ளிபயரா, பாக்ஸா? எங்களுக்குக் கூட்டம் ஆரம்பிக்கிற நேரத்துல சத்தம் போச்சுன்னா, எல்லாத்தையும் புடுங்க மாட்டோம். ஒவ்வொண்ணா தொட்டுப் பாப்போம். ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்துவோம். ரெண்டை மாத்துனா எதனால சரியாச்சுன்னே தெரியாது."

தோழர்களே, இதுவன்றோ ஆய்வு முறை! பிணியைக் கண்டு, அதன் மூலத்தைக் கண்டு, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, அதன் பிறகே கைவைக்க வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்குச் சொன்னதும் இதுதான். அந்த வள்ளுவருக்கு எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் சிலை இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள் திறக்கப்பட்ட சிலை. அதைக் கடந்துதான் நாள்தோறும் போகிறேன். சிலையைப் பார்த்தேனே தவிர, சொல்லைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பினேன். இம்முறை விசைப்பலகையைத் தொடுமுன் ஒரு தாளை எடுத்தேன். குரல் போகும் பாதையை வரைந்தேன். இங்கே சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன். நாளை உங்களுக்கும் பயன்படும்.

முதற்படி, திரையின் விளிம்பில் ஊசிமுனைத் துளைக்குப் பின்னால் இருக்கும் ஒலிவாங்கி. இக்காலத்து மடிக்கணினிகளில் அது ஒரு சிறு சில்லு. பலவற்றில் குரலை அங்கேயே ஒன்று, சுழி என்ற எண் ஓட்டமாக மாற்றி அனுப்புகிறது. இரண்டாம் படி, அந்த ஓட்டத்தை வாங்கும் ஒலிச் செயலி. அதற்குத் தனியாக ஒரு சிறு நிரல் வேண்டும். அதை ஃபர்ம்வேர் என்கிறார்கள். கணினி விழிக்கும்போதெல்லாம் அந்த நிரலை அதன் வாயில் ஊட்ட வேண்டும். ஊட்டாவிட்டால் பட்டினி கிடந்து படுத்துவிடும். மூன்றாம் படி, லினக்ஸின் கெர்னலுக்குள் இருக்கும் அல்சா என்ற பகுதி. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து ஒலிக்கு அதுவே அடிப்படை. நான்காம் படி, பல செயலிகளின் ஒலியைப் பிரித்தும் சேர்த்தும் கொடுக்கும் நடுவர். 2007இல் ஃபெடோரா 8இல் பல்ஸ்ஆடியோ அந்த இடத்துக்கு வந்தது. 2021இல் ஃபெடோரா 34இலும், 2022 அக்டோபரில் உபுண்டு 22.10இலும் பைப்வயர் அதைப் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் படி, நாம் பேசும் உலாவி அல்லது செயலி.

நடுவர் மாறினார் என்பதால் என் முதல் ஐயம் பைப்வயர் மேல்தான். பலரும் அதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது! சனி இரவிலிருந்து புளூடூத் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நடுவர் செத்திருந்தால் பாட்டு எப்படி வரும்? அப்போதுதான் பொறி தட்டியது. புளூடூத்தை அணைத்தேன். மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியும் ஊமை! நான் ஒலிவாங்கி ஒன்றுதான் கெட்டது என்று எண்ணி அரை நாள் அலைந்தேன். உண்மையில் கணினியின் ஒலி அட்டை முழுவதையுமே லினக்ஸ் காணவில்லை. பாட்டு வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்ததால் இந்த உண்மை மறைந்திருந்தது.

ஒலிவாங்கிகளைப் பட்டியலிடும் 'ஏரெக்கார்டு' கட்டளையைக் கேட்டேன். ஒலி அட்டை எதுவும் இல்லை என்றது. அப்படியானால் பழுது நான்காம் படிக்கும் கீழே. கெர்னல் விழித்தது முதல் எழுதிவைத்த குறிப்புகளைத் திறந்தேன். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி, ஒலிச் செயலிக்குரிய கோப்பு கிடைக்கவில்லை என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சனி இரவிலிருந்து அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்க நான்தான் இல்லை.

கோப்பு ஏன் கிடைக்கவில்லை? கெர்னல் புதிது, அது கேட்டது புதிய ஃபர்ம்வேர். என் கணினியில் இருந்ததோ பழையது. புதியது ஏன் வரவில்லை? டெபியன் அமைப்பினர் 2022இல் வாக்கெடுத்து, 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12இல் இத்தகைய ஃபர்ம்வேர்களுக்கென்று தனிப் பகுதி ஒதுக்கினார்கள். அந்த வழியில் வந்த ஒன்றே நான் வைத்திருப்பதும். புதிய பகுதியின் பெயரை என் கணினியின் கோப்பில் ஒரு சொல்லாகச் சேர்க்க வேண்டும். மாற்றத்துக்கு முன் படிக்க வேண்டிய குறிப்பில் அது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. நான் படிக்கவில்லை. குற்றம் யாருடையது? என்னுடையது.

அந்தச் சொல்லைச் சேர்த்தேன். ஃபர்ம்வேரை நிறுவினேன். கணினியை அணைத்து எழுப்பினேன். ஒலிபெருக்கி பாடியது. ஒலிவாங்கியோ இன்னும் ஊமை! பதறவில்லை; தாளைப் பார்த்தேன். மேலே ஒரு படி ஏறிப் பார்த்தேன். விசைப்பலகையில் ஒலிவாங்கியை அடைக்கும் விசையின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காலைப் பதற்றத்தில் நானே அமுக்கியிருக்கிறேன். ஒரு விரல் தட்டினேன், குரல் வந்தது. அப்போது இரவு ஒன்பது மணி. அறிந்து செய்த வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அறியாமல் செய்த வேலை ஒரு பகலைத் தின்றது.

மறுநாள் நேர்காணலில் என் குரல் கேட்டது. கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு விடை தெரியாமல் விழித்தேன். அதற்கு லினக்ஸ் பொறுப்பல்ல!

இதைப் படிக்கும் கலைத்துறைத் தோழர் கேட்கலாம்: "பேச வந்தவனுக்குக் கெர்னல் எதற்கு? பேருந்தில் ஏறுபவன் எந்திரத்தைக் கழற்றத் தெரிந்திருக்க வேண்டுமா?" நல்ல கேள்வி. தெரிந்திருக்க வேண்டியதில்லைதான். முதல் நாள் பேசிய கருவி மறுநாள் பேசாவிட்டால் காரணத்தை முகத்துக்கு நேரே சொல்வது செய்தவர் கடமை. ஒரே ஒரு வரியில் ஒளித்து வைப்பது அழகல்ல. இதை லினக்ஸ் அன்பர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். "குறிப்பைப் படித்திருக்க வேண்டும்" என்று ஏளனம் செய்வது விடையாகாது. என் அம்மாவுக்கு அந்தக் குறிப்பு புரியுமா? அது இருக்கும் மொழி அவர் மொழியா?

ஆனால் நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. 1991இல் லினக்ஸை அறிவித்த லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர், வயது 21. நம்மைவிட இளையவர்! தம் கணினிக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆவலே அவரை அதில் இறக்கியது. மூடிய பெட்டியை விற்பவன் திறந்து பார்க்க விடமாட்டான். லினக்ஸ் திறந்து பார் என்கிறது. திறந்திருக்கும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு 'வேலை செய்யவில்லை' என்று புலம்புவதும், பொருள் தெரியாத கட்டளையை ஒட்டுவதும், திருட்டுப் பிரதியைத் தேடுவதும் ஒரே மரத்தின் மூன்று கிளைகள். அந்த மரத்தின் பெயர், அறியச் சோம்புதல்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது இன்னும் ஒரு படி கூடுதலாகப் பொருந்தும். புதிய கருவி வாங்க வசதி இல்லாதவர்கள் நம்மில் பலர். பழையதைப் பழுது பார்க்கத் தெரிவது நமக்குப் பொழுதுபோக்கன்று; படிப்பைக் காக்கும் வழி. அன்று அந்த அண்ணன் கடை வாசலில் இல்லாதிருந்தால் நான் இன்னும் எதையாவது ஒட்டிக்கொண்டிருப்பேன். நேர்காணலும் போயிருக்கும், 'லினக்ஸ் மோசம்' என்று ஊரெல்லாம் சொல்லியும் இருப்பேன்.

ஆகவே மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். பழுதுக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்குவோம். கணினியில், கருவியில் ஒருவருக்கு வரும் சிக்கலை நான்கே வரிகளில் எழுதட்டும்: என்ன நின்றது, எங்கே நின்றது, எதனால் நின்றது, என்ன செய்ததால் ஓடியது. தவறான தீர்வுகளையும் எழுதட்டும், அவையும் பாடமே. எல்லாம் நம் தமிழில் இருக்கட்டும். அறிவியல் தமிழில் வளர வேண்டும் என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறோம். கைதட்டலில் தமிழ் வளராது. நள்ளிரவில் கருவி கெட்டுத் தவிக்கும் ஒரு மாணவன் தமிழில் தேடி, தமிழில் விடை கண்டு எழுவானே, அன்று வளரும்.

என் நான்கு வரிகளை இந்தக் கட்டுரையோடு மன்றச் செயலரிடம் கொடுத்துவிட்டேன். குறிப்பேட்டின் முதற் பக்கம் நிரம்பியது. இரண்டாம் பக்கம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.