பத்து நாளில் ஏழு ஊர்: அம்மாவின் முழங்கால் என்ன சொல்லும்?

திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகி தன் பயணத் திட்டத்தை அனுப்பி, 'சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்டிருக்கிறார். அரையாண்டு விடுமுறையில் பத்து நாள். காசி, கயா, பிரயாக்ராஜ், அயோத்தி, ஹரித்வார், டெல்லி, ஆக்ரா. கூடவே 71 வயது அம்மா, கணவர், பத்தாவது படிக்கும் மகள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குக் காசியில் காரியம் செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மகளுக்குத் தாஜ்மகால்.

திட்டத்தில் ஊர்கள் இருக்கின்றன, இரவுகள் இல்லை. எந்த இரவு எங்கே தூங்குவீர்கள் என்று எழுதிப் பாருங்கள். போக வர நான்கு நாள் ரயிலிலேயே கழியும். மீதி ஆறு நாள். ஏழு ஊருக்கு இடையே ஆறு இடமாற்றம். அதாவது தினமும் பெட்டி கட்ட வேண்டும்! ஒரு ஊரிலாவது அம்மா குளித்துவிட்டு நிதானமாகச் சாப்பிட முடியுமா?

நமக்குத் திண்டிவனத்திலிருந்து சென்னை 120 கி.மீ., காலையில் போய் இரவு திரும்பிவிடுவோம். அதே கணக்கை வடக்கே போடக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் மூடுபனி. ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாவது அங்கே சகஜம். அறையைக் காலி செய்வது, ஆட்டோ, காத்திருப்பு, அடுத்த ஊரில் அறை பிடிப்பது எல்லாம் சேர்த்தால், நாலு மணி நேர ரயில் பயணம் எட்டு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

என் கத்தரிப்பு இது. ஹரித்வார், அயோத்தி, டெல்லி மூன்றும் இந்த முறை வேண்டாம். டெல்லியை விடுவதில் நஷ்டமே இல்லை. டெல்லியிலிருந்து சென்னை வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி. எக்ஸ்பிரஸும் ஆக்ராவில் நின்றுதான் வருகின்றன. அங்கேயே ஏறிவிடலாம்.

போகும்போது மூட்டை முடிச்சோடு சென்னைக்குப் போய் அலைய வேண்டாம். 38 கி.மீ. தெற்கே விழுப்புரம் ஜங்ஷன் இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து வரும் காசித் தமிழ் சங்கமம் எக்ஸ்பிரஸில் அங்கே ஏறினால் சுமார் 40 மணி நேரத்தில் காசி. வாரத்துக்கு ஒரே நாள்தான் அந்த வண்டி, அதனால் அதை வைத்தே மற்ற தேதிகளைப் போடுங்கள்.

காசியில் மூன்று முழு நாள். அனுமன் காட், கேதார் காட் பக்கம் தங்கினால் தமிழ் பேசுகிறவர்கள் இருப்பார்கள், நம் சாப்பாடும் கிடைக்கும். ஆனால் சந்துகளுக்குள் கார் வராது. அறை பேசும்போதே, வண்டி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும், எத்தனை படி ஏற வேண்டும் என்று கேளுங்கள். காரியத்தை முதல் நாளே வைக்காதீர்கள். ரயில் தாமதமானால் அதுதான் அடிபடும். இரண்டாம் நாள் வையுங்கள். மூன்றாம் நாள் காரில் பிரயாக்ராஜ் போய்த் திரும்பலாம், சுமார் 120 கி.மீ.

நான்காம் நாள் காசியிலிருந்து ஆக்ராவுக்கு வந்தே பாரத், ஏறக்குறைய ஏழு மணி நேரம். அன்று வேறு வேலை வேண்டாம். தாஜ்மகால் வெள்ளிக்கிழமை திறக்காது. இதை மறந்து தேதி போட்டுவிட்டு வாசலில் நின்று திரும்பியவர்கள் உண்டு. ஆக்ராவில் இரண்டு நாள் இருந்தால் ஒன்று தாஜுக்கு, ஒன்று கோட்டைக்கு.

டிக்கெட் விஷயம். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, முன்பு 120. உங்களுக்கு மூன்று ரயில், ஆகவே மூன்று வெவ்வேறு திறப்பு நாட்கள். காலண்டரில் குறித்துவையுங்கள். அம்மாவுக்குக் கீழ் பெர்த் கட்டாயம் வேண்டும் என்றால், மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் தனி டிக்கெட்டாகப் போடுங்கள். குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. பெட்டி வேறாகிவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு பேசி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

கயாவை நான் சேர்க்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. பித்ரு காரியம் என்றால் பிரயாகை, காசி, கயா மூன்றையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். கயா வேண்டுமென்றால் ஆக்ராவில் ஒரு நாள் குறையும், அல்லது ஆக்ராவே போய்விடும். இதை நான் முடிவு செய்ய முடியாது. டிக்கெட் போடும் முன் அம்மாவையும் மகளையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டுவிடுங்கள்.