பத்து நாள் உத்தியோகம்

முப்பத்தைந்து வருஷம் தபால் இலாகாவில் குப்பை கொட்டியவர் ஒருவர். அந்த உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். கல்லூரி விடுமுறையில் பத்தே நாள் பார்த்த வேலையைப் பற்றி மட்டும், காப்பி ஆறிப் போவதுகூடத் தெரியாமல் பேசுவார். இந்த விசித்திரத்துக்கு என்ன சொல்கிறீர்கள், வாசகர்களே?

இந்தச் சிநேகிதர் இருப்பது சேக்காட்டில். ஆவடிக்கு அடுத்த இந்துக் கல்லூரி ஸ்டேஷனில் இறங்கிப் போக வேண்டும். ஆவடி என்றதும் சிலருக்கு 1955-ல் நடந்த காங்கிரஸ் மகாநாடு ஞாபகம் வரும். சிலருக்கு டாங்கித் தொழிற்சாலை. நம்மவருக்கோ ஆவடி என்றால் டோனகேலா முகாம்தான். 1981 கோடையில் ஒரு சபையார் அங்கே நடத்திய சிறுவர் முகாமில் எட்டுப் பையன்களை அவரிடம் ஒப்படைத்து, "இனி நீதான் இவர்களுக்கு அண்ணன்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்கு வயது பத்தொன்பது.

சம்பளமா? சாப்பாடும் ரயில் சார்ஜும். விடியற்காலையில் பையன்களை எழுப்புவது, பல் தேய்க்க வைப்பது, ஜெபத்துக்கும் பந்தாட்டத்துக்கும் அழைத்துப் போவது, சாம்பாரில் ஒதுக்கிய கத்தரிக்காயைத் தின்ன வைப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மகா கஷ்டமாம்.

மூன்றாம் நாள் இரவு, ஒரு பொடியன் படுக்கையை நனைத்துவிட்டான். மற்றவர்களுக்குத் தெரிந்தால் அவன் கதி என்ன? அண்ணன் சத்தமில்லாமல் எழுந்து, அவனுக்கு வேறு நிஜார் மாட்டித் தம்முடைய பாயில் படுக்க வைத்தார். பிறகு ஒரு கூஜாத் தண்ணீரை அந்த இடத்தில் கவிழ்த்துவிட்டார். விடிந்ததும், "அண்ணன் தூக்கத்தில் கூஜாவை உதைத்துவிட்டார்!" என்று ஒரே கேலி. நாள் முழுவதும் நீடித்தது. பொடியன் வாய் திறக்கவில்லை. கடைசி நாள் மட்டும் ஸ்டேஷன் வரை அண்ணனின் சுண்டுவிரலை விடவேயில்லை.

"அதற்கு முன்னால் வீட்டில் ஒரு பால் செம்பைக்கூட என்னை நம்பிக் கொடுத்ததில்லை, சார்!" என்கிறார் சிநேகிதர்.

எனக்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. பக்தியும் பாட்டும் ஒருபுறம் இருக்கட்டும். பிறத்தியார் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்தார்களே, அதுதான் ஆளைப் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் 1885-ல் ஸம்னர் டட்லி என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் ஏழு பையன்களை அழைத்துப் போய் ஓர் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தார். 1897-ல் அவர் காலமானார். ஆனால் அவர் பெயரைத் தாங்கிய முகாம் இன்றும் நடக்கிறது. அங்கே சேருகிறவர்களுக்கு வரிசைப்படி ஓர் எண் உண்டு. கிழவரான பிறகும் அந்த எண் அவருடையதுதான். நம்மவரிடம் எண் இல்லை; கூஜாதான் இருக்கிறது!

ஒவ்வொரு மே மாதமும் அவர் முகாமுக்குப் போய்விடுவார். முதலில் பையன்களோடு ஓடினார். பிறகு கணக்கு எழுதினார். இப்போது முழங்கால் வலி; காய் நறுக்குகிறார். சென்ற வருஷம் ஓர் இளைஞன், "அங்கிள், நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்றானாம். மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான். ஆனாலும் இவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மாள் என்னிடம் சொன்னார். (பழைய ஆட்கள் 'எங்கள் காலத்திலே' என்று ஆரம்பித்தால் இளசுகளுக்கு அலுப்புத்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இந்த வருஷம் போகவே மாட்டேன் என்றிருந்தார். கடைசியில் ஒரே ஒரு நாள் போய்வந்தாராம்.

"என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். அதே பையன் சாயங்காலம் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். 'அங்கிள், ஒரு குட்டிப் பையன் ராத்திரி...' என்று இழுத்தான்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்!"

அடுத்த மே மாதத்துக்காக இப்போது முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.