விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்



எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். வாழைத்தார் வியாபாரம். போன ஆடியில் ஒரு ராத்திரி, பதினொரு மணி வாக்கில் நெஞ்சை அமுக்கிப் பிடித்திருக்கிறது. "வாய்வாத்தான் இருக்கும், ஒரு சோடா வாங்கியாரச் சொல்லு" என்றிருக்கிறார் மதினியிடம். சோடாவுக்குப் பிறகு பூண்டுப்பால். அதற்கும் அடங்கவில்லை என்றதும், "விடியட்டும், பாத்துக்கிடலாம்."

விடிந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். உயிர் தங்கியது. ஆனால் இன்று பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோ பார்த்த டாக்டர், 'பம்பிங் குறைந்துவிட்டது' என்றாராம்.

அந்த ராத்திரியில் அவர் இதயத்தில் நடந்ததை நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். ராதாபுரம் கால்வாயில் தண்ணீர் நின்றால் முதலில் வாடுவது கடைமடைதானே? இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அதன் வெளிப்புறத்தில் ஓடுகின்றன. குழாய் அடைத்தால், கடைமடையான உட்சுவர்த் தசை முதலில் சாகிறது. பிறகு அந்தச் சாவு மணிக்கணக்கில் வெளிப்பக்கமாகப் பரவுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரெய்மர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத்தில் இதை ஆராய்ந்து 1977இல் எழுதினார்கள். அடைப்பைச் சீக்கிரம் திறந்தால் மிச்சத் தசை பிழைக்கும் என்பதுதான் அதில் நமக்கான நல்ல செய்தி.

அதன்பின் தசையைக் காக்க எத்தனையோ வழிகளைத் தேடினார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கித் தளர்த்தினால் இதயம் தாங்குமா என்றுகூட ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு, பலன் இல்லை என்பதே. அடைப்பைச் சீக்கிரம் திறப்பதற்கு ஈடாக இன்னும் எதுவும் வரவில்லை.

அந்தச் சீக்கிரத்துக்கு ஒரு வழியைத் தமிழ்நாடே செய்து காட்டியது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை மருத்துவர் அஜித் முள்ளாசரியும் முன்னின்று, சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். பக்கத்து ஊரிலேயே இசிஜி, அங்கேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பிறகு ஆம்புலன்ஸில் ஆஞ்சியோ வசதியுள்ள இடத்துக்கு. 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கவனித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு நூற்றுக்கு 17.6 பேர், இந்த ஏற்பாட்டுக்குப் பின் 14.2 பேர். புது மருந்து எதுவும் இல்லை. இருந்ததை நேரத்தோடு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

வள்ளியூருக்கு இது மிகவும் பொருந்தும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டருக்கு மேல், நாகர்கோவில் பக்கத்து ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியும் பக்கமில்லை. அதனால் முதல் இசிஜி நம் பக்கத்திலேயே எடுக்கப்பட வேண்டும். 2023இல் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றான ஆஸ்பிரின் எளிய மாத்திரைதான். 1988இல் பதினேழாயிரம் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், அது தனியாகவே மரணத்தை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வேர்வை, இவற்றில் எது வந்தாலும் வாய்வு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ அசதியாகவோ வரலாம். நடுராத்திரி என்று தயங்காமல் 108-ஐ அழையுங்கள். பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வாய்வுதான் என்று டாக்டர் பார்த்துச் சொன்னால் சந்தோஷமாக வீடு திரும்பலாம்.

இதை எழுதட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எழுதுங்க. சோடாவுக்கு அனுப்புன பயல அன்னைக்கு 108-க்கு போன் போடச் சொல்லியிருக்கணும்னு எழுதுங்க."

அன்புடன்,
ஆசிரியர்
வள்ளியூர்