ஜன்னலைப் புயல் தள்ளுமா, பிடுங்குமா? ஃபிளாட் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

தண்ணி வசதி எப்படி, பார்க்கிங் உண்டா, இஎம்ஐ எவ்வளவு? சென்னையில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் கேட்பது இவைதான். ‘இந்த ஜன்னல் எவ்வளவு காற்றைத் தாங்கும்?’ என்று கேட்பவர்கள் அபூர்வம். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்த ஊர் இது. இங்கே அந்தக் கேள்வி ஆடம்பரம் அல்ல.

கணக்கு எப்படி?

இந்தியாவில் கட்டிடங்களுக்கான காற்றுச் சுமையைச் சொல்லும் விதிமுறை ஐஎஸ் 875 பகுதி 3. இது 2015-ல் திருத்தப்பட்டது. இதன்படி சென்னைக்கான அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரைக்கு 39 மீட்டர்.

கட்டிடத்தின் உயரம், சுற்றுப்புறம், நில அமைப்பு ஆகியவற்றுக்கு ஏற்ப இந்த வேகத்தை முதலில் திருத்த வேண்டும். பிறகு அதை அதே எண்ணால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். திருத்தம் ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால் சென்னைக்கு 1,500 நியூட்டன். ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 150 கிலோ ஏற்றி வைத்த மாதிரி. மதுரைக்குச் சுமார் 93 கிலோதான். வேகம் கொஞ்சம் கூடினாலே அழுத்தம் எகிறிவிடும்.

மூலையில்தான் சிக்கல்

காற்று சுவரைத் தள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், எதிர்ப்பக்கச் சுவரை மட்டுமே தள்ளுகிறது. பக்கவாட்டுச் சுவர்களையும் பின்சுவரையும் வெளியே இழுக்கிறது. கட்டிடத்தின் மூலையில் காற்று வளைந்து திரும்புவதால் அந்த இழுப்பு இன்னும் அதிகம்.

மூலையில் 4-க்கு 4 அடி ஜன்னல் ஒன்று. வெளி இழுப்புக்கான குணகம் 1.0, உள்ளிருந்து தள்ளும் காற்றுக்கு 0.2 என்று எடுத்தால், அதன் மீது விழும் விசை சுமார் 270 கிலோ. காற்று மோதும் பக்கத்தில் கண்ணாடி உடைந்து, சுவர்ப் பரப்பில் 5 சதவீதத்துக்கு மேல் திறந்துவிட்டால் உள் குணகம் 0.5 ஆகிவிடும். இப்போது அதே மூலை ஜன்னலில் 340 கிலோ! ஒரு ஜன்னல் போனால் அடுத்ததும் போவது இதனால்தான். ‘புயல் நேரத்தில் ஒரு ஜன்னலைத் திறந்து வச்சா அழுத்தம் சமமாகிடும்’ என்பது ஆபத்தான யோசனை.

யார் பொறுப்பு?

தூணுக்கும் பீமுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு போடுகிறார். ஜன்னல், கண்ணாடி முகப்பு, மாடியில் போடும் தகர ஷீட் எல்லாம் பல இடங்களில் ஃபேப்ரிகேட்டரின் அனுபவத்துக்கே விடப்படுகின்றன. ‘இத்தனை வருஷமா கட்டிடம் நிக்குதே’ என்பது பதில் ஆகாது. நிற்பது கான்கிரீட் கூடு. புயலில் பறந்து தெருவில் போகிறவர் மேல் விழுவது ஷீட்டும் கண்ணாடியும்.

செலவு கூடும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் எல்லா ஜன்னலுக்கும் தடித்த கண்ணாடி தேவையில்லை. மூலைகளிலும் மேல்தளங்களிலும் கண்ணாடித் தடிமன், ஃபிரேம், ஸ்குரூ இடைவெளி ஆகியவற்றைக் கணக்குப்படி முடிவு செய்தாலே பெரும்பகுதி ஆபத்து குறையும். வடிவமைப்புக் காற்றழுத்தம் எவ்வளவு என்ற ஒரு வரி, விற்பனை ஒப்பந்தத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அதுவரை, அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாங்குபவரே அதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.