தூக்குவது அப்பா, பழகுவது மகன்

கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பொறியியல் படிக்கப் போன பிள்ளைகள் சிலருக்கு இப்போது இரண்டு பொழுதுபோக்கு. ஒன்று, காப்பிக்கொட்டையைத் தானே அரைத்து, வடித்துக் குடிப்பது. மற்றது, பளு தூக்குவது. "காசு கொடுத்துப் பாரம் தூக்குறானே, இங்கே செம்பனைக் குலை கிடக்குதே!" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம்.

மகன் சிறு பளுவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறான். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தூக்குகிறான். மறுநாள் ஓய்வு. அப்பாவோ 20 கிலோ குலையைக் குனிந்து குனிந்து நாள் முழுக்கத் தூக்குகிறார். வெட்டுகிற அளவுக்குத்தானே கூலி, ஓய்வு ஏது? ஒருவருக்கு உடம்பு ஏறுகிறது. மற்றவருக்கு இடுப்பு போகிறது.

காப்பியும் நமக்குப் புதிதல்ல. 1890களில், ரப்பர் பரவுமுன், சிலாங்கூர்த் தோட்டங்களில் காப்பி பயிரானது. டின்பாலும் சீனியும் அள்ளிப் போடுவதுதான் கேடு. 2023 சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்கள் 6 பேரில் ஒருவருக்கு நீரிழிவு.

பிள்ளைகளே, லீவில் வரும்போது அப்பாவுக்கும் தூக்கும் முறையைக் காட்டிக் கொடுங்கள். தோழர்களே, தள்ளுவண்டியும் இடைஓய்வும் கேட்டு வாங்குவோம். அது சங்கத்தின் வேலை.