நியமனம் நடுநிலை ஆகாது

"கல்வியில் அரசியல்வாதி கை வைக்கக் கூடாது. ஆளுநரோ டெல்லியோ நல்ல ஆளாகப் பார்த்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்." படித்தவர்கள் கூடும் இடமெல்லாம் இந்தப் பேச்சு கேட்கிறது. திண்டுக்கல்லில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க அலைந்து களைத்த பெற்றோரும் சொல்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவு தவறு. ஆபத்தானதும்கூட.

2025 ஜனவரி 6ஆம் தேதி பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகள் இந்த நம்பிக்கையைத்தான் முதலீடாகக் கொண்டவை. துணைவேந்தர் தேடுதல் குழுவில் மூன்று பேர். வேந்தர் நியமிப்பவர் தலைவர். மானியக் குழுத் தலைவர் நியமிப்பவர் ஒருவர். பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு போன்ற உயர் அமைப்பு அனுப்புபவர் இன்னொருவர். கட்டடம் கட்டி, சம்பளத்துக்குப் பணம் தந்து அந்தப் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய மாநில அரசுக்குக் குழுவில் இடமே கிடையாது. தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றின் வேந்தர் ஆளுநர். ஆளுநர் மத்திய அரசின் ஆலோசனைப்படி வருபவர். மானியக் குழுத் தலைவரை நியமிப்பதும் மத்திய அரசே. மூவரில் இருவருக்கு ஊற்றுக்கண் ஒன்றுதான். கல்வியிலிருந்து அரசியல் எங்கே விலகியது? சென்னையிலிருந்து டெல்லிக்கு வண்டி ஏறியிருக்கிறது, அவ்வளவே.

அந்த வரைவு அதோடு நிற்கவில்லை. தொழில்துறையிலோ பொது நிர்வாகத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ 10 ஆண்டுகள் மூத்த பொறுப்பில் இருந்து, கல்விப் பங்களிப்பும் உண்டு என்று காட்டினால் துணைவேந்தர் ஆகலாம். பேராசிரியராக இருந்திருக்க வேண்டியதில்லை. விதிகளை மீறும் நிறுவனம் மானியக் குழுவின் திட்டங்களிலிருந்தும், பட்டப் படிப்பு நடத்துவதிலிருந்தும்கூட விலக்கப்படலாம் என்ற மிரட்டலும் உண்டு. மூன்றே நாளில், ஜனவரி 9ஆம் தேதி, தமிழ்நாடு சட்டப்பேரவை இதைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது. அது கட்சிச் சண்டை என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். அது நம் வீட்டுப் பிள்ளைகளின் சண்டை.

"மாநில அரசுகள் மட்டும் யோக்கியமா? துணைவேந்தர் பதவி ஏலம் போனதே!" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லஞ்சப் புகாரில் கைதானார். தமிழ்நாட்டுக் கல்விக்கே அது தலைகுனிவு. ஆனால் அவரை நியமிக்கும் அதிகாரமும் சட்டப்படி வேந்தரான ஆளுநரிடம்தான் இருந்தது. ராஜ்பவன் முத்திரை அந்த ஊழலைத் தடுக்கவில்லை. அதே முத்திரைக்கு இன்னும் கூடுதல் அதிகாரம் கொடுத்தால் ஊழல் ஒழியும் என்பது எந்த ஊர்க் கணக்கு?

"ஆள் நேர்மையானவராக, அறிவாளியாக இருந்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் வரலாறே பதில் வைத்திருக்கிறது. 1952இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலே, ஆளுநர் ஸ்ரீ பிரகாசாவின் நியமனத்தால் மேலவைக்குள் வந்து சென்னை மாநில முதல்வரானார். அவருடைய அறிவையும் கைச்சுத்தத்தையும் எதிரிகளும் மறுத்ததில்லை. 1953இல் அவர் கொண்டுவந்த திட்டம் கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். சின்னாளப்பட்டி நெசவாளி வீட்டுப் பிள்ளை பாதி நாள் தறியில். செருப்புத் தைப்பவர் வீட்டுப் பிள்ளை பாதி நாள் தோலோடு. அந்தத் திட்டத்தை 1954இல் காமராசர் தூக்கி எறிந்தார். அறிவும் நேர்மையும் இருந்தும் அந்தத் தவறு நடந்ததற்குக் காரணம், யாருடைய பிள்ளைக்காகத் திட்டம் போட்டார்களோ அவர்களிடம் முதலில் கேட்காததுதான்.

இதற்கு நேர் எதிரான சான்று திண்டுக்கல்லிலேயே இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் பெரும் செல்வக் குடும்பத்தில், டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரின் மகளாகப் பிறந்தவர். மருத்துவம் படித்துவிட்டுச் சின்னாளப்பட்டிப் பக்கம் வந்து, 1947இல் ஜி. ராமச்சந்திரனோடு சேர்ந்து காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் ஓட்டுக் கேட்டுச் சட்டமன்றம் போனார். 1962இல் திண்டுக்கல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது; மத்தியக் கல்வித் துணை அமைச்சரானார். 1967இல் அதே தொகுதி மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். நாட்டின் கல்விப் பொறுப்பில் இருந்தவரை, அத்தனை தொண்டு செய்தவரை, அந்தத் தொகுதியின் கூலிக்காரப் பெண்ணும் ஓட்டுச் சீட்டால் "போதும் அம்மா" என்று சொல்ல முடிந்தது. நாம் இழக்கக் கூடாதது அந்த உரிமைதான்.

நியமனமே ஆனாலும் அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2017இல் கல்வித் துறைக்கு பெட்ஸி டெவோஸ் என்ற செல்வந்தரை அதிபர் டிரம்ப் முன்மொழிந்தார். அரசுப் பள்ளியில் படித்ததும் இல்லை, பாடம் நடத்தியதும் இல்லை. செனட் குழு அவரை எல்லோரும் பார்க்க உட்காரவைத்துக் கேள்வி கேட்டது. பிப்ரவரி 7ஆம் தேதி வாக்கெடுப்பு 50க்கு 50 என்று நின்றது. துணை அதிபர் மைக் பென்ஸின் வாக்கால்தான் அவர் பதவியேற்க முடிந்தது. முடிவு தவறாக இருக்கலாம். ஆனால் யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது ஊருக்கே தெரிந்தது. இங்கே மூடிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்து பெயர் எழுதுவார்கள். அதற்குப் பெயர் நடுநிலையாம்!

திண்டுக்கல் எம்.வி.முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரி, கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. காலையில் டவுன் பஸ் பிடித்துச் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் அங்கே வருகிறார்கள். வேடசந்தூர்ப் பக்கம் பத்தாவது முடித்த பெண்ணை நூற்பாலைக்கு அனுப்பலாமா, மேலே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கட்டணம் எவ்வளவு, எந்தப் பாடப்பிரிவு இருக்கும், தமிழ்வழி வகுப்பு தொடருமா என்பதெல்லாம் அந்த வீட்டின் முடிவை மாற்றும். இவற்றில் செல்வாக்கு உள்ள துணைவேந்தர் நாற்காலியில், அந்த வீட்டாரின் ஓட்டுக்குச் சற்றும் கட்டுப்படாத ஒருவரை உட்காரவைப்பதுதான் சீர்திருத்தமா?

ஆளுநர்களை வேந்தராக்க வேண்டாம் என்று 2010இலேயே மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் சொல்லிவிட்டது. குஜராத்தில் துணைவேந்தரை மாநில அரசே நியமிக்கிறது. அங்கே வராத கேடு இங்கே மட்டும் எப்படி வரும்? மாநில அரசுக்கும் வெற்றுக் காசோலை கொடுக்க வேண்டாம். தேடுதல் குழுவில் மாநிலப் பிரதிநிதி இருக்கட்டும், ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர் இருக்கட்டும். இறுதிப் பட்டியலில் உள்ளவர்களின் தகுதியும் சொத்து விவரமும் நியமனத்துக்கு முன்பே வெளிவரட்டும். வகுப்பறையை அறியாதவருக்கு அந்தப் பட்டியலில் இடம் வேண்டாம்.

அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, சாலையையும் குடிநீரையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: என் மகளின் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார், அவர் யாருக்குப் பதில் சொல்வார்? பதில் இல்லையென்றால் உங்கள் ஓட்டும் இல்லை என்று சொல்லுங்கள்.